கழுவிய மணல்

டெல்லி லோதி ரோடு அரசாங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நாங்கள் முனிர்காவுக்குப் போனது ஒரு பங்குனி மாதத்தில். பங்குனியில் எங்கள் பக்கத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆனால் அரசாங்கக் கெடுவுக்குப் பங்குனியும் தெரியாது, சித்திரையும் தெரியாது. வேலையில் இருக்கும்போதே செத்துப்போனவரின் குடும்பம் இன்ன தேதி வரை இருக்கலாம், அதற்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு தாள் வந்தது. செத்துப்போனவர் என் கணவர். அவர் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. எனக்கு முப்பத்தேழு வயது. எங்கள் ஒரே மகளுக்குப் பதினொன்று.

சாமான் ஒன்றும் பிரமாதமாகக் கிடையாது. இரண்டு கட்டில், ஒரு இரும்பு அலமாரி, பாத்திரம் பண்டம், அவருடைய சைக்கிள். இதையெல்லாம் தூக்கி டெம்போவில் போட்டால் அதுபாட்டுக்குப் போய்விடும். போகாதது ஒன்றே ஒன்றுதான். முன்னறையில் சுவரை அடைத்துக்கொண்டு நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் மூன்று மீன், ஒரு நண்டு. சாதாரண மீன் இல்லை, கடல் மீன். தொட்டியில் இருந்ததும் கடல் தண்ணீர்.

டெல்லியில் எதற்குக் கடல் என்று கேட்காத ஆள் கிடையாது. நான் தினம் கேட்டேன். அவருக்குத் தூத்துக்குடிப் பக்கம். மீன்வளம் சம்பந்தப்பட்ட ஒரு அலுவலகத்தில் அசிஸ்டென்ட்டாக இருந்தார். அங்கே மீனைப் பற்றிய ஃபைல்தான் உண்டு, மீன் கிடையாது. அந்தக் குறையை வீட்டில் தீர்த்துக்கொண்டார். ஊரை நினைத்து உருகுகிற ஆள் இல்லை அவர். லீவில் போனால் நாலாம் நாளே டிக்கெட்டை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். கடல் மட்டும் வேண்டும். அதையும் டெல்லிக்கே கொண்டுவந்துவிட வேண்டும்.

கொண்டுவந்தார். ஒவ்வொரு லீவுக்கும் ஊரிலிருந்து திரும்பும்போது பெரிய பிளாஸ்டிக் கேன்களில் கடல் தண்ணீர், ரயிலில் சீட்டுக்கு அடியில். மண்ணெண்ணெய் கடத்துகிறோம் என்று சக பயணிகள் புகார் சொல்லி ஒரு டிக்கெட் பரிசோதகர் வந்தார். மூடியைத் திறந்து மோந்தார், திருப்தியில்லாமல் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அப்புறம் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். அரிசி மூட்டை மாதிரி ஒரு சாக்கில் மணலும் வந்தது. சிப்பித் தூளும் பவளத் துண்டும் கலந்த கடற்கரை மணல். ஆசியாட் சமயத்தில் அக்கம்பக்கமெல்லாம் கலர் டிவி வாங்கியது. எங்கள் வீட்டில் இந்தத் தொட்டிதான்.

மீன்களில் இரண்டு ஆரஞ்சு நிறம், உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை. ஒன்று பெரிது, ஒன்று சின்னது. ‘பெரிசுதான் பொம்பள. நம்ம வீடு மாதிரியே’ என்பார். மூன்றாவது விரல் நீளத்துக்கு ஒரு நீல மீன். நண்டு ஒரு சங்குக்குள் குடியிருந்தது. உடம்பு வளர்ந்தால் பெரிய சங்காகப் பார்த்து மாறிக்கொள்ளும். அதற்கென்று வெவ்வேறு அளவில் நாலைந்து சங்கு உள்ளே போட்டு வைத்திருந்தார். எங்கள் வீட்டில் இடம் மாறத் தெரிந்த ஒரே ஜீவன் அதுதான்.

ஒன்பது வருஷம் அந்தத் தொட்டிக்கு நானும் சேர்ந்துதான் வேலை செய்தேன், திட்டிக்கொண்டே. டெல்லிக் குளிரில் முதல் ரஜாய் அதற்குத்தான். சுற்றிப் போர்த்திவிட்டு, அப்புறம்தான் எங்களுக்கு. வெயில் காலத்தில் பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி மிதக்கவிடுவார். கரண்ட் போய் காற்றுப் பம்பு நின்றுவிட்டால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டம்ளரால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பார். தண்ணீரில் காற்று கலக்க வேண்டுமாம். ‘அபிஷேகம் ஆரம்பிச்சாச்சா’ என்று நான் அடுப்படியிலிருந்து கேட்பேன். தண்ணீரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, உப்பளத்தில் வைத்திருப்பார்களே, கோடு போட்ட கண்ணாடிக் குழாய், அது ஒன்று வைத்திருந்தார். தண்ணீரில் விட்டால் செங்குத்தாக மிதக்கும். மூன்றரைக் கோட்டில் நின்றால் கடல். தினமும் காலையில் மகள் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘அப்பா, மூணரை.’ அதற்குப் பிறகுதான் அவர் ஷேவிங் செய்ய உட்காருவார்.

எனக்கும் அவருக்கும் ஓயாத சண்டை அந்த மணலைப் பற்றித்தான். கொண்டுவந்தபோது வெள்ளையாக இருந்தது வருஷம் போகப் போகப் பழுப்பாகி, அடியில் கறுத்து, பார்க்கவே அருவருப்பாக இருந்தது. நான் பாத்திரத்தில் ஒரு புள்ளி கரி இருந்தால் திரும்பத் தேய்க்கிறவள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டில் கழுவாத பொருள் கிடையாது. நடுவீட்டில் இப்படி ஒரு அழுக்கு.

“இந்த மணலை ஒரு தடவ அரிசி மாதிரி களைஞ்சு போட்டா என்ன?” என்பேன்.

“அதைத் தொடாத. அதுல உயிரு இருக்கு, ஏட்டி.”

“சோம்பேறித்தனத்துக்கு உயிருன்னு பேரு வச்சுட்டீகளா?”

சிரித்துக்கொண்டு போய்விடுவார். விளக்கிச் சொல்கிற பொறுமை அவருக்கு இல்லை, கேட்கிற பொறுமை எனக்கும் இல்லை. ஒரு ரப்பர் குழாயை விட்டு மேலாகக் கொஞ்சம் கசடு எடுப்பார், அவ்வளவுதான். ஒன்பது வருஷத்தில் அந்தச் சண்டையில் நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் அலுவலகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. உடம்பு தனியாக வந்தது, போட்டிருந்த சட்டையும் பேண்ட்டும் ஒரு செய்தித்தாளில் சுற்றித் தனியாக வந்தன.

உடம்பை எடுத்த பிறகு வீட்டைக் கழுவிவிட வேண்டும், துணிமணியெல்லாம் நனைத்துவிட வேண்டும். அது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். நான் அன்றைக்கு நிறுத்தவில்லை. பதினாறாம் நாள் வரைக்கும் கழுவிக்கொண்டே இருந்தேன். திரை, தலையணை உறை, அவர் துண்டு, அவர் சைக்கிளின் சீட்டு உறை வரைக்கும். கை சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். அப்படி ஒரு நாள் மகளின் மெத்தையைத் தூக்கியபோது அடியில் அந்த ஆபீஸ் சட்டை இருந்தது. செய்தித்தாளைப் பிரித்து அவள்தான் எடுத்து வைத்திருக்கிறாள். கழுத்துப்பட்டையில் அழுக்கு, அக்குளில் வேர்வை உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. சோப்புப் போட்டு, அடித்துத் துவைத்து, நீலம் போட்டுக் கொடியில் காயப்போட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையோடு கொடிக்குப் பக்கத்தில் போனாள். சட்டையின் ஈரக் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். உள்ளே வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் இடம் அதுதான். அழவில்லை, யாரோடும் அதிகம் பேசவில்லை. காலையில் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்பாள், யாரும் கேட்காமலே மூணரை என்று சொல்லிக்கொள்வாள். காய்ந்த இறாலைப் பொடித்துப் போடுவாள். காலி செய்யச் சொல்லித் தாள் வந்த அன்றைக்கு என்னிடம் வந்து நின்றாள். மீனுக்கு மச்லி என்றுதான் அவள் வாயில் வரும்.

“அப்பாவோட மச்லியை யாருக்கும் குடுக்கக் கூடாது அம்மா. நம்மகூடதான் வரணும்.”

“வரும்.”

“எல்லாம் உயிரோட வரணும். பிராமிஸ் பண்ணு.”

அவள் தலையில் கையை வைத்துச் செய்தேன். ஐந்து மாதத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

வீடு மாற்ற உதவிக்கு வந்தவர் அண்ணாச்சி. என் கணவரோடு வேலை பார்த்தவர், எங்கள் மாவட்டத்துக்காரர், கோல் மார்க்கெட்டில் குடியிருந்தார். முனிர்காவில் மாடி அறை பார்த்துக் கொடுத்ததும் அவர்தான். தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, “இது ஆவுற காரியமா தங்கச்சி? சூவுல கேட்டுப் பார்ப்போமா?” என்றார். மிருகக்காட்சி சாலைக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார். மகள் சுவர் ஓரமாக நின்று என்னைப் பார்த்தாள். “ஆவும் அண்ணாச்சி” என்றேன்.

நான் யோசித்து யோசித்துத்தான் செய்தேன். அதைத்தான் இப்போதும் தாங்க முடியவில்லை. ஏனோதானோவென்று செய்து கெட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். கடல் என்பது அந்தத் தண்ணீர்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். டெல்லியில் எந்தக் குழாயிலும் அது வராது. அதனால் ஒரு சொட்டு வீணாகக் கூடாது. அவருடைய பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டி, பத்து கேனிலும் நிரப்பினேன். மூடிக்கு மேல் பிளாஸ்டிக் கட்டி நூல் சுற்றினேன். மீனுக்கும் நண்டுக்கும் மூடி போட்ட இரண்டு பெரிய பிளாஸ்டிக் வாளி. தகரமோ பித்தளையோ பட்டால் அதுகளுக்கு விஷம் என்று அவர் சொன்னது ஞாபகம் இருந்தது. பாருங்கள், அதெல்லாம் ஞாபகம் இருந்தது.

தண்ணீர் இறங்கியதும் மணல் தெரிந்தது. கறுப்பும் பழுப்புமாக, சேற்று நாற்றத்தோடு.

ஒரு குடித்தனம் புது இடத்துக்குப் போகிறதென்றால் எங்கள் வீடுகளில் புளி போட்டுத் தேய்க்காத பாத்திரம் வண்டியில் ஏறாது. பழைய விளக்குமாற்றைக்கூட எடுத்துப் போக மாட்டோம். பழைய வீட்டு அழுக்கு பழைய வீட்டோடு போக வேண்டும். முந்தின நாள் முழுக்க அண்டா, குண்டான், அரிசி டின், அஞ்சறைப்பெட்டி என்று தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனி வெந்து போயிருந்தது. இதை மட்டும் எப்படி அப்படியே அள்ளிக்கொண்டு போவேன்? மணலைக் கூடை கூடையாகப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பெரிய டப்பில் கொட்டினேன். குழாயைத் திறந்துவிட்டேன்.

“தம்பி அதைக் கழுவவே விடமாட்டானே” என்றார் அண்ணாச்சி.

“புது வீட்டுக்கு அழுக்கை மூட்டை கட்டிக்கிட்டா போவச் சொல்லுதீக?”

அவர் கட்டிலைக் கழற்றப் போய்விட்டார். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் யார் மல்லுக்கு நிற்பார்கள்?

அரிசி களைவதைப் போலத்தான் களைந்தேன். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, கலங்கின தண்ணீரைச் சாய்த்து, மறுபடி தண்ணீர் பிடித்து. முதல் தண்ணீர் காபி மாதிரி போனது. ஏழெட்டுத் தண்ணீர் மாற்றிய பிறகு தெளிந்தது. அப்புறம் சாக்கை விரித்து வெயிலில் பரப்பினேன். பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பாசி, பவளக் கல்லில் இருந்த பாசி, எல்லாவற்றையும் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்தேன். மதியத்துக்குள் மணல் காய்ந்து, கொண்டுவந்த புதிதில் இருந்த மாதிரி வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. கையால் அளைந்து பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. ஒன்பது வருஷச் சண்டையில் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு பக்கம். அவருக்கென்று, அவர் பொருளுக்கென்று கடைசியில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டேன் என்று இன்னொரு பக்கம். அவர் இருந்தபோது நான் அவரிடம் அன்பாக நாலு வார்த்தை பேசத் தெரியாதவள். எனக்குக் கழுவத்தான் தெரியும்.

டெம்போவின் பின்பக்கத்தில் வாளிகளுக்கு நடுவில் நானும் மகளும் உட்கார்ந்துகொண்டோம். ஆளுக்கு ஒரு டம்ளர். வழி முழுக்க மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே போனோம். சிக்னலில் பக்கத்தில் நின்ற பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வண்டிக்காரர் சர்தார்ஜி. ஒவ்வொரு பள்ளத்திலும் மெதுவாக இறக்கி, திரும்பிப் பார்த்து “ஜிந்தா ஹை?” என்று கேட்டார். உயிரோடு இருக்கிறதா என்கிறார். “ஜிந்தா ஹை” என்று ஒவ்வொரு முறையும் மகள் சத்தமாகச் சொன்னாள். அவளுடைய சத்தத்தை நான் கேட்டு நாளாகியிருந்தது.

முனிர்காவில் எங்கள் அறை எருமைக் கொட்டிலுக்கு மேலே. வீட்டுக்காரர் முற்றத்தில் ஹூக்கா பிடித்துக்கொண்டிருந்தவர், மீனைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “காவோகே?” தின்பீர்களா என்று கேட்டார். “இல்லை, பார்ப்பதற்கு” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். தின்னாத மீனை எதற்குத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் இந்த மதராசிகள் என்று அவருக்கு ஒரே யோசனை. கனம் தாங்குமா என்று தரையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, சுவரை ஒட்டிச் செங்கல் அடுக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்.

புது வீட்டுக்குள் முதலில் உப்பும் தண்ணீரும் போக வேண்டும். என் நிலைமையில் அதையெல்லாம் நான் எடுத்துக்கொண்டு போகக் கூடாது, வேறு யாராவது சுமங்கலிதான் போக வேண்டும். யாரும் இல்லை. முதல் கேனைத் தூக்கிக்கொண்டு நானே படியேறினேன். பின்னால் வந்த அண்ணாச்சி, “உப்பும் தண்ணியும் ஒண்ணாப் போவுதுல்லா, இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?” என்றார். நான் சிரித்தேன்.

சாயங்காலத்துக்குள் தொட்டி நின்றுவிட்டது. அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு, அதன் மேல் மணல், மேலே தண்ணீர். பம்பைப் போட்டோம், குமிழ் வந்தது. மீன்களை விட்டோம். ஆரஞ்சு ஜோடி கொஞ்ச நேரம் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன, அப்புறம் சுற்ற ஆரம்பித்தன. நீலம் ஒரு கல்லுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தது. நண்டு நடந்தது. வெள்ளை மணலுக்கு மேலே அந்த நிறங்கள் அப்படி எடுப்பாக இருந்தன. நாலு உயிரும் பிழைத்து வந்துவிட்டன. மகள் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்தாள்.

“மூணரை” என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “எவ்வளவு சாஃப் ஆயிட்டு அம்மா!” என்று சிரித்தாள். சுத்தமாகிவிட்டது என்கிறாள்.

ஐந்து மாதம் கழித்து அந்தச் சிரிப்பு. எனக்கு என் கையை நானே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்றாம் நாள் தண்ணீர் லேசாகப் பால் கலந்த மாதிரி இருந்தது. புது இடம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நாலாம் நாள் காலையில் நீல மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. போதாதென்று நான் டம்ளரால் ஊற்றிக்கொண்டே இருந்தேன். மத்தியானம் அது பக்கவாட்டில் சாய்ந்தது. அவள் வந்ததும் சொன்னேன். குழாயை எடுத்துப் பார்த்தாள். மூன்றரையில்தான் நின்றது. மறுநாள் நண்டு சங்கைவிட்டு வெளியே வந்து கிடந்தது. வேறு சங்கு தேடி வரவில்லை. அதன் வயிற்றுப் பக்கம் மெத்தென்று, தோலுரித்த மாதிரி இருந்தது. ஒன்பது வருஷத்தில் அந்த உடம்பை நான் பார்த்ததே இல்லை.

பக்கத்து அறையில் நம் ஊர்ப் பையன்கள் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் உயிரியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், தாடி வைத்திருப்பார். வெட்கத்தை விட்டுக் கதவைத் தட்டிக் கூப்பிட்டேன். வந்து தொட்டிக்கு மேல் குனிந்து மோந்தார். ஆரஞ்சு மீன்களின் செவுளைப் பார்த்தார். சிவந்திருந்தது.

“தண்ணி பழைய தண்ணிதானாக்கா?”

“ஒரு சொட்டு சிந்தல.”

“மணலைக் கழுவுனீங்களா?”

நான் தொட்டிக்குள் இருந்த வெள்ளை மணலைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாகத்தான் சொன்னார். மீன் கழிக்கிற கழிவு தண்ணீரில் விஷமாகும். அதைத் தின்று தண்ணீரை நல்லதாக்குகிற உயிர்கள் கண்ணுக்குத் தெரியாமல் அந்த மணலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை உண்டாக மாதக் கணக்காகும். ஒரு தொட்டி வாழ்கிறது என்றால் அந்த மணல் வாழ்கிறது என்று அர்த்தம். குழாய்த் தண்ணீரில் கழுவி வெயிலிலும் காயப்போட்டால் ஒன்றும் மிஞ்சாது.

“அதுல உயிரு இருக்குன்னு அவுக சொன்னாக” என்றேன்.

“சரியாத்தான் சொல்லியிருக்காருக்கா.”

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை தடவை சொல்லியிருப்பார். ஒரே வீட்டில் ஒன்பது வருஷம் அந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். சோம்பேறி சொல்கிற சாக்கு என்றுதான் என் காதில் விழுந்தது. அவர் பேசியதில் இன்னும் எதையெல்லாம் அப்படிக் கேட்டேனோ, இனிமேல் தெரிந்துகொள்ள வழியில்லை.

பழைய மணல் ஒரு கை இருந்தால்கூடப் போதும், அதிலிருந்து பிடித்துக்கொள்ளும் என்றார் தாடிக்காரர். டெல்லியில் வேறு யாரிடமாவது இந்த மாதிரித் தொட்டி இருக்கிறதா என்று கேட்டார். இருந்திருந்தால் என் கணவர் வாராவாரம் அங்கே போய் உட்கார்ந்திருப்பாரே. ஊருக்கு எழுதிப் போட்டு வரவழைக்க நாளில்லை. அப்போதுதான் துவைக்கிற கல் ஞாபகம் வந்தது. அங்கேதானே கழுவினேன், சாய்க்கும்போது கொஞ்சம் சிந்தியிருக்கும், வாய்க்கால் ஓரத்தில் ஈரத்தோடு கிடக்கும். மறுநாள் வெள்ளிக்கிழமை. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ஒரு தேக்கரண்டியையும் கைக்குட்டையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

குவார்ட்டர்ஸில் புதுக் குடித்தனம் வந்திருந்தது. கதவைத் திறந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பின்கட்டில் ஒன்றை விட்டுவிட்டேன் என்றேன். அச்சா, அச்சா என்று உள்ளே விட்டாள். நான் போய் வாய்க்காலுக்குப் பக்கத்தில் குத்தவைத்து, கல்லின் இடுக்கில் கரண்டியால் சுரண்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், “அங்கூட்டி?” என்றாள். மோதிரமா என்று கேட்கிறாள். மணல் என்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்றேன். என் வெறும் கழுத்தைப் பார்த்தாள். கல்யாண மோதிரம் என்று நினைத்திருப்பாள் போல. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து தேட ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு பேருமாக அரைமணி நேரம் தேடினோம். அவள் இல்லாத மோதிரத்தைத் தேடினாள். கல்லின் அடி இடுக்கில் எனக்குக் கறுப்பாக ஒரு கை மணல் கிடைத்தது. ஈரமாகக்கூட இருந்தது. கைக்குட்டையில் எடுத்து மோந்து பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டுச் சொன்னாள், குடிவந்த அன்றைக்கே ஆள் வைத்து வாய்க்காலையெல்லாம் தேய்த்துவிட்டதாகவும், இரண்டு பாட்டில் ஃபினாயில் ஊற்றிக் கழுவியதாகவும். மோதிரம் அப்போதே போயிருக்கும் பெஹன்ஜி என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அங்கேயே, அந்த ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. பாவம், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து அவளும் கண் கலங்கினாள்.

அந்த மணல் உதவாது என்று தெரிந்தும் கீழே போட மனமில்லை. முடிந்து கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினேன். அறைக்குள் நுழைந்தபோது பெரிய ஆரஞ்சு மீன் அடியில் கிடந்தது. சின்னது அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமையும் மகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. விடிந்து பார்த்தபோது சின்னதும் போய்விட்டிருந்தது. எனக்கு முன்னாலேயே அவள் எழுந்து, தலை பின்னாமல், தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்தக் கண்ணாடிக் குழாய் இருந்தது. “மூணரைதான் இருக்கு” என்றாள், யாரிடமோ சொல்வது போல. பிறகு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மீனை எடுத்து, தாளில் வைத்து மடித்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கம். தண்ணீரை இறைத்துத் தொட்டியைத் துடைத்துவிடலாம் என்று மூலையில் இருந்த வாளியையும் தேங்காய் நாரையும் எடுத்தேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபமே இல்லை குரலில். கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

“நீ எல்லாத்தையும் சாஃப் பண்ணிருத, அம்மா. அப்பா ஷர்ட்டையும் பண்ணிட்ட” என்றாள்.

தானே தலை பின்னிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, படியிறங்கிப் போனாள். கீழே எருமைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வாளியைக் கீழே வைத்தேன். ஜன்னல் கட்டையில் அந்தக் கைக்குட்டை முடிச்சு இருந்தது. அவிழ்த்து, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். ஃபினாயில் வாடைதான் வந்தது.